நான் போடாத ஓட்டு

அன்றைக்கு வாங்கிய மீன் கொஞ்சம் பெரியது. அதன் தலை சட்டிக்குள் அடங்காமல் வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கன்னத்துச் சதையைக் கரண்டியால் எடுத்து என் வீட்டுக்காரர் தட்டில் வைத்தேன். கொழுந்தனார் குணாவுக்கு வால் துண்டுதான் பிடிக்கும். அதைக் குழம்புக்குள் தேடிக்கொண்டிருந்தபோது அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நான் சொல்றேன் அண்ணே, இப்ப புதுசா சிட்டிசன் ஆகுறவங்கள்ல பாதிப் பேரு பாஸ்போர்ட்டுக்காக வர்றவங்க. நாட்டுப்பற்றாவது ஒண்ணாவது. நாளைக்கு ஒரு கஷ்டம்னா மொத ஃபிளைட்ல ஏறிடுவாங்க லா."

என் கரண்டி குழம்பிலேயே நின்றுவிட்டது.

எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமைக்கு அனுமதி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அது குணாவுக்கும் தெரியும். செய்தி கேட்டதும் முதலில் போன் செய்து வாழ்த்தியவரே அவர்தான்.

"அப்ப இவ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"யாரு?"

"உன் அண்ணி. அவளும் புதுசா ஆகப் போறவதானே. அவ எதுக்கு வர்றா, பாஸ்போர்ட்டுக்கா?"

குணா என்னைப் பார்த்தார். நான் அங்கே நிற்பதை அப்போதுதான் கவனித்தவர் போலப் பார்த்தார்.

"அண்ணிய ஏண்ணே இதுல இழுக்கறீங்க? நான் அண்ணிய சொல்லலையே."

"வேற யார சொன்ன? நம்ம அப்பாவயா? அவரும் ஒரு நாள் கப்பல்லேருந்து எறங்குன புது ஆளுதான்."

"அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்துல முதுகு ஒடிய மூட்டை தூக்கினாரு."

"இவ இத்தன வருஷமா உனக்குச் சோறு போடுறா. ஸாரி சொல்லு அவகிட்ட."

அண்ணன் அப்படிக் கேட்காமல் விட்டிருந்தால் குணா தானாகவே ஸாரி சொல்லியிருப்பார். அண்ணன் சொல்லி அவர் எதையும் செய்ததில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்காக அவரே வாங்கிவந்த கோப்பி, பிளாஸ்டிக் பையில் கட்டியபடி, எங்கள் இரும்புக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

மீன் முள்ளும் கட்சிப் பேப்பரும்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "வீட்டு ஆட்களைப் பற்றி எழுதவே மாட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். இருவரிடமும் அனுமதி கேட்டேன்.

"எழுது. ஆனா யாரு சொன்னது நியாயம்னு உண்மைய எழுது," என்றார் என் வீட்டுக்காரர். குணாவும் போனில் அதையேதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் லிங்கம் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஓய்வு நாள்களில் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வசிப்போர் குழுவில் தொண்டூழியர். மின்தூக்கி நின்றுபோனால் மக்கள் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆளுங்கட்சி என்றால் அவருக்கு உயிர். "இந்த வீடு, இந்த ரோடு, இந்தத் தண்ணி, எல்லாம் யாரு குடுத்தா? நன்றி இருக்கணும். அதுதான் நாட்டுப்பற்று" என்பார்.

குணா அவருக்கு ஒரே தம்பி. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுவா சூ காங்கில் ஓரறை வீட்டில் இருக்கிறார். எதிர்க்கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தை வாசலில் நின்று கட்சிப் பேப்பர் விற்பார். பிறகு தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ரயிலில் வந்து எங்களோடு மதியம் சாப்பிடுவார். வாரத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டுச் சோறு அது ஒன்றுதான். "கேள்வி கேக்கறவன்தான் நாட்ட நேசிக்கிறவன். நீங்க கட்சியத்தான் நாடுன்னு நெனச்சுட்டு இருக்கீங்க" என்பது அவர் வாதம்.

வரும்போது ஒரு கையில் விற்காத பேப்பர் இருக்கும். மறு கையில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் வாங்கிய மூன்று பை கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத காப்பி, இருக்கும். மேலே வந்ததும் பைகளைக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு, "அண்ணி, கோப்பி!" என்று குரல் கொடுப்பார். கல்யாணமாகி நான் இந்தியாவிலிருந்து வந்த புதிதில், ஒரு பேச்சுக்கு, இந்த ஊரில் எனக்குப் பிடித்தது கோப்பி ஓ என்று சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து இப்படித்தான்.

என் வீட்டுக்காரர் அந்தப் பேப்பரில் ஒன்றை எடுத்து மேசையில் விரிப்பார். "என் தம்பி கட்சி பேப்பர்தான் மீன் முள்ளுக்கு சரியான சைஸ்."

"முள்ளு வெக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிட்டாவது வைங்க. மூளைக்கு நல்லது."

"முள்ளு படிச்சுக்கும் லா."

இருவரும் தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தவர்கள். அதில் யார் அதிகம் கஷ்டப்பட்டது என்பதிலும் போட்டி. ஒருவர் காட்டில் கடித்த கொசுவைச் சொன்னால் மற்றவர் சேற்றில் தொலைந்த பூட்ஸைச் சொல்வார். கதையில் கொசு வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது. நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பேன். எனக்கு அந்தச் சண்டை வானொலி மாதிரி. அது ஓடாவிட்டால்தான் வீட்டில் ஏதோ குறைவது போல இருக்கும்.

ஒரு தாழ்வாரம், இரண்டு கொடிகள்

தேசிய தினம் நெருங்கும்போது வசிப்போர் குழு வீடு வீடாகக் கொடி கொடுக்கும். கொடுக்கிறவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர் என்பதால் எங்கள் வீட்டுக்கொடிதான் முதலில் ஏறும்.

ஒரு வருஷம் குணா அதைப் பார்த்துவிட்டு, "இது கமிட்டிக் கொடி. நான் தர்றேன் நாட்டுக் கொடி" என்று தேக்கா சந்தையில் வாங்கிய ஒன்றைப் பக்கத்திலேயே கட்டினார்.

"ரெண்டும் ஒரே கொடிதானடா!"

"அப்ப என்னோடது இருந்தா என்ன? உங்களோடத எடுத்துடுங்க."

"உன்னோடத எடு."

இருவரும் எடுக்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டு முன்னால் இரண்டு கொடிகள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, "உங்க வீட்டுல டபுள் சிட்டிசனா?" என்று என்னைக் கேலி செய்வார். நானோ அப்போது ஒற்றைச் சிட்டிசன்கூட இல்லை.

இறக்கிய பிறகு இரண்டையும் துவைத்து இஸ்திரி போட்டு வைப்பது என் வேலை. அடுத்த வருஷம் எடுக்கும்போது எது அண்ணனுடையது, எது தம்பியுடையது என்று எனக்கே தெரியாது. ஏதோ ஒன்றைக் கொடுப்பேன். அவரவர் தங்களுடையது என்று நம்பிக் கட்டுவார்கள்.

பங்கு போட்டுக்கொண்ட ஓட்டு

தேர்தல் நாள் எனக்குச் சமையல் நாள். புளோக் முழுக்க உடுத்திக்கொண்டு கீழே போகும். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் சன்னலில் நின்று பார்த்துவிட்டு அரிசி களையப் போவேன். நீல அடையாள அட்டைக்காரிக்கு, அதாவது நிரந்தரவாசிக்கு, ஓட்டு கிடையாது.

போட்டுவிட்டு வந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்ததும் என் ஓட்டைப் பங்கு பிரிப்பார்கள்.

"அண்ணிக்கு ஓட்டு இருந்தா எங்களுக்குத்தான். அரிசி வெல தெரிஞ்சவங்க."

"உன் அண்ணி என் பேச்ச மீறுவாளா?"

"பாத்தீங்களா, இதுதான் உங்க ஜனநாயகம்!"

நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். போடாத என் ஓட்டைப் பல தேர்தல்களாக இருவரும் மாற்றி மாற்றி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி என் வீட்டுக்காரர் வெகுகாலமாகக் கேட்டார். ஊரில் அம்மா இருந்த வரைக்கும் எனக்கு மனம் வரவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் அம்மாவைப் பார்க்க விசா வாங்கிக்கொண்டு போகவேண்டும். பெற்ற தாயைப் பார்க்க இன்னொருவரிடம் அனுமதியா என்று இருந்தது. அம்மா போனபின் ஒரு நாள், சாப்பிடும்போது, "சரிங்க, அப்ளிகேஷன் போடலாம்" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கடையில் இரண்டு ஆகஸ்ட்

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் எங்கள் கடைக்கு ஆகஸ்ட் மாதம் இரண்டு முறை வரும். முதலில் இந்த நாட்டுத் தேசிய தினம். வாசலில் சிவப்பு வெள்ளைத் தோரணம் தொங்கும். அது முடிந்த மறுநாள் முதலாளி அதைக் கழற்றிவிட்டு மூவண்ணத் தோரணத்தை மாட்டுவார். ஒரு வாரத்துக்குள் இந்தியச் சுதந்திர தினம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். இரண்டு தோரணமும் என் தலைக்கு மேல்தான் ஏறி இறங்கும்.

அப்படி ஒரு ஆகஸ்டில் ஐடி வேலையில் இருக்கும் இரண்டு நண்பர்கள் இட்லிப் பானை வாங்க வந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மூவண்ண பேட்ஜை ஒருவர் எடுத்துக் குத்திக்கொண்டார். "இப்பதான் உனக்கு தேசம் ஞாபகம் வருதா?" என்றார் மற்றவர். அவ்வளவுதான். ஊரில் எந்தக் கட்சி தேசபக்திக் கட்சி, எது துரோகிக் கட்சி என்று பாத்திரங்களுக்கு நடுவே சண்டை மூண்டது. ஒருவர் பேச்சுக்கு வேகம் கொடுக்கக் கரண்டியால் தவலையைத் தட்டினார். ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இட்லிப் பானை கல்லாவிலேயே இருந்தது.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்து அதை வாங்கிப் போனார்கள். ஒரே அறையில் குடியிருப்பவர்களாம். "பசிக்குது அக்கா" என்றார் பேட்ஜ் குத்தியவர். அவர்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் நினைவுக்கு வந்தது.

காலி நாற்காலி

எங்கள் மேசைக்கோ அந்த மறுநாள் வரவில்லை. அடுத்த ஞாயிறு குணா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நான் பழக்க தோஷத்தில் வால் துண்டை எடுத்து வைத்தேன். மாலையில் அதை நானே சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் முள் வைக்கச் சாதாரணப் பேப்பரை விரித்தார். "சைஸ் சரியில்ல" என்று முணுமுணுத்தார். ஆனால் தம்பிக்குப் போன் செய்யவில்லை.

"ஸாரி சொல்லட்டும், வரட்டும்."

எனக்குக் கோபம் இல்லை. அதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. கடையில் விலை கேட்டால் சொல்வேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் மனதில் இருப்பதைச் சொல் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குணா வராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் பயம் இருந்தது. நான் குடியுரிமை வாங்கியதுதான் அண்ணன் தம்பியைப் பிரித்தது என்று ஆகிவிடுமே.

ஒரு நாள் மாலை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது குணாவே என்னைக் கூப்பிட்டார். கையெல்லாம் மாவு. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன்.

"அண்ணி, உங்க சிட்டிசன் ஃபங்ஷன் எங்க?"

"சமூக மன்றத்துல தம்பி. நாடாளுமன்ற உறுப்பினர் வந்து புது அடையாள அட்டை, ஐசி குடுப்பாராம். நீங்க வரணும்."

"அது எப்படி அண்ணி? நாட்டோட ஐசி. அத ஒரு கட்சிக்காரர் கையால குடுக்கறாங்க. அந்த மண்டபத்துல நான் வந்து கை தட்டணுமா?" பிறகு, "உறுதிமொழி பழகிட்டீங்களா? இங்கிலீஷ்ல சொல்லணும்" என்றார்.

"பாதிதான் வருது."

"நான் சொல்றேன், கூடவே சொல்லுங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லத் தொடங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், சமையலறை வாசலில் என் வீட்டுக்காரர். கைலியும் பனியனுமாக விறைப்பாக நின்று, வலது கையை முஷ்டியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. "வேகமா சொல்றான். ஸ்கூல்லயும் இப்படித்தான்."

"யாரு அங்க?" என்றது போன்.

"டிவி தம்பி," என்றேன்.

கண்ணாடிக் கதவு

இந்தியப் பாஸ்போர்ட்டை ரத்துச் செய்து கையில் கொடுத்த அன்று, அதில் இருந்த என் பழைய படத்தை ரயிலில் வரும்போது பார்த்துக்கொண்டே வந்தேன். ஒல்லியாக, பயந்த முகம். அதை அலமாரியில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு ஒரு பக்கம் மலேசியாவிலிருந்து வந்த சீனப் பெண்மணி, மறு பக்கம் ஒரு பிலிப்பீனோக்காரர். மூன்று பேர் கையிலும் சின்னக் கொடி. உறுதிமொழி சொல்ல எழுந்து முஷ்டியை நெஞ்சில் வைத்தோம். வாயைத் திறந்தால் என் வாயில் குணாவின் வேகம். மண்டபம் பாதியில் இருக்கும்போதே நான் முடித்துவிட்டு, மற்றவர்கள் வந்து சேரும்வரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் உறுப்பினர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் மண்டியிட்டுப் படம் எடுத்தார். இறங்கி வரும்போது குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அடையாள அட்டை என் கையில் இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குணா. தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, விரலில் மூன்று பை கோப்பியை மாட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே போனேன்.

"உள்ள வாங்க தம்பி."

"வேணாம் அண்ணி. எங்க கட்சி ஆளுங்க யாராவது பாத்தா ஒரு வருஷத்துக்குக் கிண்டல் பண்ணுவாங்க. இங்கேருந்தே எல்லாம் பாத்தேன். மேடையில நல்லா நின்னீங்க. உறுதிமொழிதான் கொஞ்சம் வேகம் போல."

"உங்க வேகம்தான்."

சிரித்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அண்ணி, அன்னிக்கு நான்…"

என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"தம்பி, நான் சொல்றேன். அன்னிக்கு நான் பக்கத்துலயே கரண்டியோட நின்னேன். என்னை வெளியாளா நெனச்சிருந்தா என் முன்னாடி அப்படிப் பேசியிருப்பீங்களா? இவங்க கேட்டா சங்கடப்படுவாங்களேன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. நான் புதுசுங்கறதே உங்களுக்கு மறந்துபோச்சு. அது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு தம்பி. இந்தக் கார்டு இன்னிக்குத்தான் வந்துச்சு. நான் உங்க வீட்டாளுங்கற பேரு அன்னிக்கே வந்துடுச்சு."

அவர் கோப்பிப் பைகளைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்று கண்ணாடி வழியே காட்டினேன். "அந்தச் சீன அம்மா இருக்காங்கல்ல, அந்தப் பிலிப்பீனோக்காரரு, அவங்களுக்கும் வீட்டுல யாராவது வால் துண்டு எடுத்து வெப்பாங்க. அவங்களும் யாருக்காவது அண்ணி, யாருக்காவது அண்ணன்."

குணா கண்ணாடி வழியே அவர்களை எட்டிப் பார்த்தார்.

"சரி அண்ணி. அந்தப் பாதிப் பேருன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்."

"முழுசாவா?"

"கால் பேரு மட்டும் வெச்சுக்கறேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

அண்ணன் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கையில் காகிதத் தட்டு நிறைய பீஹூன் நூடுல்ஸ். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் நீட்டினார்.

"இந்தா. கட்சிச் சாப்பாடு இல்ல, கேட்டரிங்தான். தைரியமா தின்னு."

"என் வரிப்பணம்தானே, குடுங்க," என்று குணா வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டே ஒரு கோப்பிப் பையை அண்ணன் விரலில் மாட்டினார். மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தோம். ஆறிப்போயிருந்தது.

யாரும் ஸாரி சொல்லவில்லை. நாளைக்கு என்ன மீன் என்று குணா கேட்டார். அதுவே போதும் என்று என் வீட்டுக்காரர் விட்டுவிட்டார்.

என் முறை

பிறகு தேர்தல் வந்தது. பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வாக்குச் சாவடி. அன்று முதல் முறையாகச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். மலாய்க்கார அக்கா என்னைப் பார்த்து, "கல்யாணத்துக்கா?" என்றார். மறைப்புக்குள் தனியாக நின்றபோது இரண்டு குரல்களும் காதில் கேட்டன. இரண்டையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு முத்திரையைக் குத்தி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

குணா தன் தொகுதியில் போட்டுவிட்டு, கோப்பியோடு வந்தார். மேசையில் கட்சிப் பேப்பர் விரிந்தது. மூவரும் உட்கார்ந்தோம்.

"அண்ணி, இந்தத் தடவ நெஜமாவே போட்டிருக்கீங்க. சொல்லுங்க, யாருக்கு?"

"கேக்கணுமா லா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அவரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ரகசியம்னு சொன்னாங்களே," என்றேன்.

"கட்டின புருஷன் எங்கிட்டகூடவா?"

"கோப்பி ஆறுது. குடிங்க."

சிரித்துக்கொண்டே ரசம் எடுக்க உள்ளே போனேன். நான் சிரித்த சிரிப்பு ஆளுங்கட்சிச் சிரிப்பா எதிர்க்கட்சிச் சிரிப்பா என்று பின்னால் சண்டை தொடங்கிவிட்டது. வாதம் சமையலறை வரைக்கும் கேட்டது. நான் அவசரப்படாமல் ரசத்தைச் சுடவைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், என் தட்டில் வால் துண்டு இருந்தது.

"இத யாரு வெச்சது?"

அண்ணனும் தம்பியும் தங்கள் தங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டு, ஒரே குரலில், "ரகசியம்" என்றார்கள்.